நோயும் குற்றமும்: சட்டம் கேட்கும் கேள்வியும் நீதிமன்றம் கேட்கும் சான்றும்

1. சிக்கல்

2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, பழைய 84ஆம் பிரிவு 22ஆம் பிரிவாக எண் மாறியது. உள்ளடக்கம் மாறவில்லை. ஒரு செயலைச் செய்யும் வேளையில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், அச்செயலின் தன்மையை அறிய இயலாதவரோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதை அறிய இயலாதவரோ செய்த எதுவும் குற்றமாகாது என்பதே அன்றும் இன்றும் விதி. 2023 ஆகஸ்டில் அறிமுகமான முதல் வரைவில் ‘மனநோய்’ என்ற சொல் இருந்தது. அச்சொல்லின் எல்லை மிக விரிந்தது, தாமாகக் குடித்து மயங்கியவர்கூட அதற்குள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு எச்சரித்தது. இறுதிச் சட்டத்தில் பழைய சொல்லே திரும்பி வந்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தன் 3ஆம் பிரிவில், மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கொள்ளக் கூடாது என்கிறது. மருத்துவர் காணும் நோய் வேறு, சட்டம் ஏற்கும் நிலை வேறு என்பது ஆக உறுதியாகிவிட்டது.

இப்பிரிவைப் பற்றிச் சட்டக் கல்லூரிகளிலும் மனநல மருத்துவ இதழ்களிலும் நெடுங்காலமாக ஒரே விமர்சனமே எழுதப்பட்டுவருகிறது: அளவுகோல் பழையது, அறிவை மட்டும் பார்க்கிறது, உணர்வையும் தன்னடக்கத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பெரிய அநீதி கண்ணில் படாமல் போகும். ஒருவர் விடுதலை ஆவதையும் ஆயுள் தண்டனை பெறுவதையும் இந்தியாவில் தீர்மானிப்பது பிரிவின் சொற்களைவிட, அவற்றை நிரூபிக்க நீதிமன்றம் கேட்கும் சான்றுகள்தாம். அந்தச் சான்றுகளை யாரால் கொண்டுவர முடியும் என்பதில் வறுமையும் சிகிச்சையின்மையும் நேரடியாகப் பங்கேற்கின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. லண்டனில் பிறந்த அளவுகோல்

1843 ஜனவரி 20 அன்று லண்டன் தெருவில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக்கடைசல் தொழிலாளி, பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டை முதுகில் சுட்டார். ஐந்து நாள் கழித்து டிரம்மண்ட் இறந்தார். சுட்டவர் பிரதமரையே குறிவைத்தார், ஆள் மாறிவிட்டது என்பது பரவலான கருத்து. டோரி கட்சியினர் தம்மை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள், தூங்கவிடாமல் வதைக்கிறார்கள் என்ற உறுதியான மருட்சி அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. மருத்துவச் சாட்சிகள் அனைவரும் ஒரே முடிவைச் சொல்ல, தலைமை நீதிபதி டிண்டல் வழக்கை அத்தோடு நிறுத்தினார். நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. அதன்பின் அவர் வாழ்ந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் பெத்லெம், பிராட்மூர் மனநோய் இல்லங்களில் கழிந்தன. நாடு கொதித்தது, அரசி விக்டோரியா அதிருப்தி கொண்டார். பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் ஐந்து கேள்விகளை அனுப்ப, அவர்கள் தந்த பதில்களே மெக்நாட்டன் விதிகள் ஆயின.

இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மெக்நாட்டன் சம்பவத்துக்கு முன் பல நாள் அரசு அலுவலகங்கள் இருந்த பகுதியில் சுற்றித் திரிந்தார், துப்பாக்கிகளை வைத்திருந்தார், ஆளைத் தேர்ந்து பின்தொடர்ந்தார். சுடுகிறோம், சுட்டால் சாவார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவருக்குப் பின் வந்த விதிகளை அவருக்கே கண்டிப்பாகப் பொருத்தினால் அவர் தப்பியிருப்பது அரிது. விடுதலையைக் கண்டு பதறிய சமூகம், அப்படி ஒரு விடுதலை மீண்டும் நிகழாதிருக்க வகுத்த அளவுகோல் அது. ஓர் அளவுகோல் எந்த அச்சத்தில் பிறந்ததோ அந்த அச்சம் அதன் பயன்பாட்டிலும் தொடரும். இந்தியத் தீர்ப்புகள் பலவற்றில் அதைக் காணலாம்.

3. கல்கத்தாவின் இரு தீர்ப்புகள்

1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்காக மெக்காலேயின் குழு தந்த வரைவு எளிமையானது: பித்து நிலையின் விளைவாகச் செய்தது குற்றமல்ல என்ற அளவில் அது நின்றது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது லண்டன் விதிகளின் சாரம் அதில் ஏறியிருந்தது. இருந்தும் இந்திய வாசகம் லண்டன் வாசகத்தின் வெறும் நகல் அல்ல. அங்கே ‘அறியவில்லை’ என்றிருப்பது இங்கே ‘அறிய இயலாதவர்’ என்று திறனின்மையைக் குறிக்கிறது; மருட்சி பற்றிய தனி விதி இங்கே சேர்க்கப்படவில்லை. விரிவாகப் படிக்க இடம் தரும் வாசகம்தான். இலங்கையின் 1883 தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவும், மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களின் 84ஆம் பிரிவும் இதே வேரிலிருந்து கிளைத்தவை.

அந்த இடத்தை நீதிமன்றங்கள் எப்படிப் பயன்படுத்தின என்பதற்குக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். (நோயுற்ற எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், பெயர்களை, சட்ட உலகில் வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டவை தவிர, இக்கட்டுரை தவிர்க்கிறது.) 1896 வழக்கில், வீடு தீக்கிரையானதிலிருந்து புத்தி தடுமாறியிருந்த ஒருவர், தாம் பிரியம் வைத்திருந்த ஒரு சிறுவனைக் கொன்றார். கொலைக்கு எந்த நோக்கமும் இல்லை. ஆனால் செயலை மறைக்க முயன்றிருந்தார். அறிவாற்றலைப் பாதிக்கும் நோய்க்கு மட்டுமே விலக்கு உண்டு, உணர்வையும் விருப்பாற்றலையும் பாதிப்பதற்கு இல்லை என்று கூறி நீதிமன்றம் தண்டித்தது. கூடவே அரசின் கருணைக்கும் வழிகாட்டியது. 1949 வழக்கில், மகனைப் பலியிடுமாறு கனவில் கட்டளை வந்ததாக நம்பிய தந்தை, ஐந்து வயதுப் பிள்ளையைத் தொழுகைத் தலத்துக்கு அழைத்துச் சென்று கொன்றார். கொல்வது என்னவென்று அவருக்குத் தெரியும். தாம் செய்வது தவறு என்று அறியும் நிலையில் மட்டும் அவர் இல்லை என்று சொல்லி அதே நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரண்டுக்கும் இடையில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, ‘அறிதல்’ என்பதை நீதிபதிகள் எவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள் என்பது. கத்தி கழுத்தை அறுக்கும் என்று தெரிவதும் அறிதல்தான். தன் செயலை மற்ற மனிதர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும் திறனும் அறிதல்தான். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சிதைக்கிறது. 1949 தீர்ப்பு அதைப் பிடித்துக்கொண்டது. பின்வந்த தீர்ப்புகள் பலவும் 1896இன் பாதையிலேயே போயின. 1971இல் சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் பிரிவை ஆராய்ந்து, மாற்றம் தேவையில்லை என்று முடித்துக்கொண்டது.

4. சான்று என்னும் வாசல்

எதிரி சித்த சுவாதீனத்தோடு இருந்தார் என்று ஊகித்தே வழக்கு தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் சுமை, பழைய சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படியும் இன்றைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 108ஆம் பிரிவின்படியும், எதிரியுடையது. 1964இல் தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு இச்சுமையை நுட்பமாக வரையறுத்தது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பே. எதிரி, உரிமையியல் வழக்கில் போல, இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அந்த அளவுக்குக் காட்ட முடியாமல் போனாலும், அவர் தந்த சான்றுகள் குற்றமனம் இருந்ததா என்பதில் நியாயமான ஐயத்தை எழுப்பினால், அந்த ஐயத்தின் பயன் அவருக்கே. கொள்கை அளவில் இதைவிடக் கருணையான நிலைப்பாடு கேட்க முடியாது. ஆனால் மனைவியை நாற்பத்து நான்கு இடங்களில் குத்திக் கொன்ற அந்த வழக்கின் எதிரிக்கு அது உதவவில்லை. அவர் மனநிலை பற்றிச் சொன்ன உறவினரின் சாட்சியம் நம்பத் தகுந்ததல்ல என்று மேல்முறையீடு தள்ளுபடியானது. கொள்கை தாராளம், சான்றின் வாசல் குறுகல் என்ற இந்த வடிவம் பின்னர் வந்த எத்தனையோ வழக்குகளில் திரும்புகிறது.

அந்த வாசலில் நுழைய முடிந்தவர்களின் வழக்குகளைப் பார்த்தால் நுழைவுச்சீட்டு எது என்பது தெளிவாகும். 2002இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரக் காவலர் ஒருவரை விடுவித்தது. அவர் மனைவியை அரைகல்லால் அடித்துக் கொன்றவர். நீதிமன்றம் எண்ணிய காரணங்கள் இவை: அவருடைய தந்தைக்கும் மனநோய் இருந்தது, அவருக்கே 1992 முதல் மனச்சிதைவுக்குச் சிகிச்சை நடந்தது, சம்பவத்துக்குப் பின் சில மாதங்களில் இருபத்தைந்து முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார், காவல் வேலையை விட வேண்டாம் என்று மனைவி தடுத்தார் என்பது கொலைக்குப் போதிய நோக்கமாகாது, பட்டப்பகலில் நடந்தது, அவர் ஓடவுமில்லை ஒளியவுமில்லை. தீர்ப்பு நியாயமானது. ஆனால் இதே நோயுடைய ஒரு விவசாயக் கூலியை, ஒரு முறைகூட மனநல மருத்துவரைப் பார்க்காதவரை, அவர் இடத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று காரணங்களும் மறைந்துவிடும். நோய் மறையாது.

இவ்வாறு மறைவது விதிவிலக்கன்று. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கடும் மனநோய் உள்ளவர்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டது. இவர்கள் எவரிடமும் போகாதவர்கள் அல்லர். குடும்பங்கள் அவர்களை ஏர்வாடி, குணசீலம், புளியம்பட்டி வழிபாட்டுத் தலங்களுக்கு அழைத்துப் போகின்றன, தாயத்துக் கட்டுகின்றன, மந்திரிக்கின்றன, மண்டலம் மண்டலமாகக் காத்திருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் காப்பகக் கொட்டகையில் சங்கிலியோடு எரிந்து மாண்ட இருபத்தெட்டுப் பேரை அங்கே கொண்டுவந்து சேர்த்ததும் குணமாகட்டும் என்ற ஆசைதான். அந்த நாடல் அத்தனையும் நோய்க்குச் சான்று. ஆனால் அதற்குப் பதிவேடு கிடையாது. குறுக்கு விசாரணையில் தாயின் வாய்மொழி, மகனைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யாகிவிடுகிறது. ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்கத் தமிழ்நாட்டு அரசு ஏற்படுத்திய ஏற்பாட்டை மருத்துவ நோக்கில் பலரும் பாராட்டியுள்ளனர். சாட்சியத்தின் நோக்கிலும் அது முக்கியமானது: அங்கே ஒரு சீட்டு எழுதப்படுகிறது.

பதிவேடு இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் நடத்தையைப் பார்க்கின்றன. ஓடினாரா, ஆயுதத்தை மறைத்தாரா, திட்டமிட்டாரா, காவலரிடம் ஒழுங்காகப் பதில் சொன்னாரா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் சுவாதீனம் நிரூபணமானதாகப் பல தீர்ப்புகள் கொள்கின்றன. மருத்துவ நோக்கில் இந்த ஊகம் மிகப் பலவீனமானது. அண்டை வீட்டார் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்ற மருட்சியில் இருப்பவர் நாள்கணக்கில் திட்டமிடுவார், ஆயுதம் வாங்குவார், தாக்கிவிட்டு ஓடுவார். துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறவர் ஓடாமல் என்ன செய்வார்? கணக்குப் போடவும் பேருந்து ஏறவும் வேண்டிய அறிவு அந்த நோயில் அப்படியே இருக்கும். மெக்நாட்டனிடமும் அது இருந்தது. ஓடியதை வைத்து நோயில்லை என்பது, காய்ச்சல்காரர் நடந்து வந்தார் என்பதற்காகக் காய்ச்சலே இல்லை என்பது போன்றது.

காலத்தின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. செயல் நடந்த வேளையே முக்கியம் என்பது நிலைபெற்ற விதி. ஆனால் மருத்துவர் எதிரியைப் பார்ப்பது வாரங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து. அதற்குள் சிறையில் மருந்து கொடுக்கப்பட்டு அவர் தெளிந்திருக்கலாம்; ‘இப்போது நலம்’ என்ற சான்றிதழ் அன்றைய நலத்துக்கும் சாட்சியாகப் படிக்கப்படுகிறது. இதை உச்ச நீதிமன்றம் உணராமல் இல்லை. முன்பே மனநோய் இருந்தது என்று புலன்விசாரணையில் தெரியவந்தால், எதிரியை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அந்தச் சான்றை நீதிமன்றத்தில் வைப்பது நேர்மையான விசாரணை அதிகாரியின் கடமை, தவறினால் அரசுத் தரப்பு வழக்கே பழுதுபடும் என்று 2007இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் அது கூறியது. நல்ல விதி. ஆனால் முன்னோய் தெரியவந்தால் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது, தெரியவராதவர்களே பெரும்பான்மை.

5. எதிர்வாதங்கள்

வாசலை அகலப்படுத்தினால் நடிப்பவர்கள் நுழைவார்கள் என்பது முதல் எதிர்வாதம். நடிப்பு நிகழாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனை உள்நோயாளியாக நாள்கணக்கில் கவனிக்கப்படும்போது மனச்சிதைவைத் தொடர்ந்து நடிப்பது கடினம். தூக்கம், உணவு, பேச்சின் கோவை, பிறர் பார்க்காத வேளை நடத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும். நடிப்பைப் பிடிப்பதற்கும் விரைவான பரிசோதனையே வழி. சம்பவத்தின் மறுநாள் எழுதப்பட்ட மனநிலைக் குறிப்பு, பொய்யாக வாதிடுபவருக்குத்தான் முதல் எதிரி. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில் நடந்து 1991இல் வெளியான ஆய்வு, கடுங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றில்தான் சித்த சுவாதீனமின்மை வாதம் எழுப்பப்பட்டது என்றும், எழுப்பியவர்களில் கால் பங்கினரே வென்றனர் என்றும் காட்டியது. அதிபர் ரீகனைச் சுட்டவர் 1982இல் விடுவிக்கப்பட்டபோது எழுந்த கோபத்தில் அந்த நாடு 1984இல் தன் விதியை இறுக்கியது. கான்சாஸ் போன்ற சில மாநிலங்கள் வழக்கமான வாதத்தையே நீக்கின. இவ்வளவுக்கும் விடுவிக்கப்பட்ட அந்த மனிதர் முப்பதாண்டுகளுக்கும் மேல் மருத்துவமனையில்தான் இருந்தார்.

ஆபத்தானவர் தெருவுக்கு வந்துவிடுவார் என்பது இரண்டாவது. இந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் நம் சட்டத்தில் இவ்விடுதலை வீட்டுக்கு அனுப்புவதல்ல. செயலைச் செய்தார் என்று தீர்ப்பில் தனியாகப் பதிந்து, அவரைப் பாதுகாப்பான காவலிலோ, பிணையம் தரும் உறவினரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334, 335 பிரிவுகளின் ஏற்பாடு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. உண்மையில் இங்கே நடந்துள்ள கொடுமை எதிர்த்திசையில். அசாமில் 1951இல் பிடிக்கப்பட்டு தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பழங்குடி மனிதர் ஒருவர், விசாரணையே முடியாமல் 2005இல்தான் வெளியே வந்தார். இடையில், 1967இலேயே, அவர் நலமாக இருப்பதாக மருத்துவமனை சொல்லியிருந்தது, அனுப்பப்பட்டது சிறைக்கு. அன்றைய பிகாரின் ஹசாரிபாக் சிறையில் குணமான பின்னும் பல பத்தாண்டுகள் அடைபட்டிருந்தவர்களைப் பற்றி 1982இல் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சியோடு எழுதியது. தண்டனைக்காவது முடிவுத் தேதி உண்டு. இது தெரிந்த வழக்கறிஞர்கள் நோயாளிக்குக்கூட இவ்வாதத்தை எடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியவில்லை.

மூன்றாவது எதிர்வாதமே வலுவானது: மருத்துவர் கையில் தீர்ப்பை ஒப்படைக்கிறீர்களா? 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக்கின் வழக்கில் நீதிமன்றம் நியமித்த முதல் குழு அவருக்கு மனச்சிதைவு என்றது, இரண்டாம் குழு இல்லை என்றது. அன்றைய நார்வே விதிப்படி நோய் இருந்தாலே பொறுப்பில்லை. அறிந்தாரா என்ற கேள்வியே எழாது. நீதிமன்றம் இரண்டாம் அறிக்கையை ஏற்றுத் தண்டித்தது. நோய்ப்பெயரையே தீர்ப்பாக்கினால் என்ன நேரும் என்பதற்கு இது பாடம். அதனால்தான் 22ஆம் பிரிவு கேட்கும் கேள்வியை நான் கைவிடச் சொல்லவில்லை. செயலின் பொருளை உணரும் திறன் இருந்ததா என்பது நீதிமன்றம் கேட்க வேண்டிய ஒழுக்கக் கேள்வி. அதை மருத்துவர் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. கேள்விக்குரிய தரவு கையில் இல்லாமல் விடை எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

6. நடுவழி இன்மை

இன்னொரு குறையும் உண்டு. இங்கே முழு விடுதலை, இல்லையேல் முழுப் பொறுப்பு. இங்கிலாந்து 1957இலும் சிங்கப்பூர் 1961இலும் குறைந்த பொறுப்பு என்ற நடுநிலையைக் கொலை வழக்குகளுக்கு ஏற்றன. ஜெர்மானியச் சட்டம் உணரும் திறனையும் அதன்படி நடக்கும் திறனையும் தனித்தனியே கேட்கிறது. நம்மோடு ஒரே வாசகத்தைப் பகிர்ந்த சிங்கப்பூர், செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முற்றிலும் இழந்தவரையும் 2020 முதல் தன் 84ஆம் பிரிவில் சேர்த்துக்கொண்டது. வாசகம் விரிந்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் அதே நாடு சான்று: அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்ட மலேசியத் தமிழர் ஒருவர் 2022 ஏப்ரலில் போதைப்பொருள் வழக்கில் அங்கே தூக்கிலிடப்பட்டார். இந்தியாவில் நடுவழி தண்டனைக் கட்டத்தில் மட்டும், அதுவும் மரண தண்டனையில் மட்டும், திறந்துள்ளது. 2014இல் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு மனநோயைத் தூக்கை ஆயுளாகக் குறைக்கும் காரணமாக ஏற்றது. 2019இல் தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் அப்படியே கொள்ளப்படும் என்று உறுதியானது. ஆயுள் தண்டனை பெறும் நோயாளிக்கு இதில் எதுவும் இல்லை.

7. செய்யக்கூடியது

குறைந்த பொறுப்பை ஏற்க நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். அது நீண்ட விவாதம். சான்றின் அநீதியைத் தீர்க்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம். கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே கட்டாயம்; அந்தப் படிவம் காயங்களை மட்டும் கேட்கிறது. கொலை, கொலை முயற்சி வழக்குகளில் மனநிலைப் பரிசோதனையையும் அதில் சேர்த்து, ஐயம் எழுந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் சில நாளுக்குள் அனுப்பலாம். ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படும்போது நீதித்துறை நடுவர் ‘அடித்தார்களா’ என்று கேட்பதோடு, சிகிச்சை, தூக்கம், கோயில் தர்கா வழிபாடு பற்றிக் குடும்பத்தாரிடமும் கேட்டுப் பதியலாம்; அன்று பதிந்த தாயின் சொல்லை, பிற்பாடு கட்டிய கதை என்று யாரும் தள்ள முடியாது. விடுவிக்கப்பட்டு மருத்துவமனைக் காவலில் இருப்பவர்களின் நிலையை அமர்வு நீதிபதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்த நீதிமன்றத்தில் பரிசீலிக்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, உயர் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை போதும். 1794 முதல் மனநோயாளிகளைப் பேணிவரும் கீழ்ப்பாக்கம் நிறுவனமும், மாவட்டந்தோறும் மனநலத் திட்டமும் உள்ள தமிழ்நாட்டில் இதைச் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் செய்ய வேண்டும்.